கடிக்கிற குழந்தையை என்ன செய்வது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மழலையர் வகுப்புகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு டீச்சர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அவரே எழுதிச் சரிபார்த்துத் தந்திருக்கிறார். செயற்குழுவின் முடிவு இறுதியில். – ஆசிரியர் குழு)



தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பசி வந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பசி நேரத்தில் யாரும் நல்ல பிள்ளையாக இருப்பதில்லை. நான் பேச வந்த விஷயத்தில் பாதி அதுதான்.

தரைத்தளத்தில் நம் சங்கம் இடம் கொடுத்து நடக்கிற டே கேரில் 19 குழந்தைகள் இருக்கிறார்கள். அதில் ஒரு குழந்தை மற்றவர்களைக் கடிக்கிறது, தள்ளுகிறது என்று நான்கு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். "அந்தக் குழந்தையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எங்கள் குழந்தைகளை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்" என்பது கடிதத்தின் சாரம். செயற்குழு அடுத்த வாரம் முடிவு எடுக்க வேண்டும். "அதற்கு முன்னால் நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் டீச்சர்" என்றார்கள்.

முதலில் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, அந்தக் குழந்தை யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பையனா, பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் இங்கே பெயர் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டாம். மூன்று வயதில் ஒட்டிய பட்டப்பெயர் பத்து வயது வரை லிஃப்டுக்குள் கூடவே வரும்.

இரண்டு, கடிபட்ட குழந்தையின் அம்மாவைப் பார்த்து "இதைப் போய்ப் பெரிசு பண்றாங்களே" என்று யாரும் சொல்லாதீர்கள். மாலையில் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றும்போது பிள்ளையின் தோளில் பல் தடம் தெரிந்தால் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். தன் குழந்தை பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அது அவருடைய உரிமை. அந்தப் பத்திரத்துக்கு ஒரே வழி இன்னொரு குழந்தையை வெளியே அனுப்புவதுதானா என்பதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி.

நான் ஒரு முறை அப்படி அனுப்பியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் அனுப்பிய பையன்

1994. அப்போது வேறு ஊரில் ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்தேன். எல்.கே.ஜி.யில் 42 பிள்ளைகள். நான் ஒருத்தி, உதவிக்கு ஓர் ஆயாம்மா. அந்த வகுப்பில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து ஓடுவான். பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான், தராவிட்டால் கடிப்பான். என் டைரியில் "அடம், திமிர்" என்று எழுதி வைத்திருந்தேன்.

மற்ற பெற்றோர்கள் வந்து சண்டை போட்டார்கள். நிர்வாகத்தில் என்னைக் கேட்டார்கள். "என்னால் சமாளிக்க முடியாது" என்றேன். அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவனையும் அவன் அம்மாவையும் பார்த்தேன். அவன் இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. "ரெண்டு காதும் சரியா கேக்கலையாம் டீச்சர். உங்க ஸ்கூலுக்கு அப்புறம் ரெண்டு இடத்துல சேத்துட்டு நிறுத்திட்டாங்க. மூணாவது இடத்துல ஒரு மேடம்தான் காதை டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு சொன்னாங்க" என்றார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. "நீங்க நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று விசாரித்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவே இல்லை. நான் சொன்ன கதை அவனைப் பொறுத்தவரை ஒரு வாய் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பென்சில் வேண்டும் என்று கேட்க வார்த்தை இல்லாத பிள்ளைக்குக் கையும் பல்லும்தான் மிச்சம். அதற்கு நான் வைத்த பெயர் திமிர். அவனை அனுப்பியதில் என் வகுப்புக்கு அமைதி கிடைத்தது. அவனுக்கு, பேச்சு வளர்கிற வயதில் இரண்டு வருடம் போயிற்று.

கடிக்கிற குழந்தைக்கெல்லாம் காது கேட்காது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாகவே கேட்கும். நான் சொல்வது வேறு. இந்த வயதில் ஒரு குழந்தை கடித்தால் அது ஏதோ சொல்கிறது. அனுப்பிவிட்டால் அது என்ன சொன்னது என்று நமக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

ரவுடி ஆகிவிடுமா?

"இப்பவே இப்படின்னா, பெரிசானா என்ன ஆகும்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். கனடாவில் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்ற ஆய்வாளர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பார்த்தவர். அடிப்பது, தள்ளுவது, கடிப்பது எல்லாம் மனித வாழ்க்கையில் உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய 2 வயதிலிருந்து 4 வயதுக்குள்தான் என்றும், அதன் பிறகு பெரும்பாலோருக்கு அது படிப்படியாகக் குறைகிறது என்றும் அந்த ஆய்வுகள் காட்டின. அதாவது, குழந்தை கடிக்கக் கற்றுக்கொண்டு வருவதில்லை. கடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேச்சு வளர வளர, காத்திருக்கப் பழகப் பழக, பல்லுக்கு வேலை குறைகிறது. அதைக் கற்றுக்கொள்ள மற்ற குழந்தைகள் இருக்கிற இடம் வேண்டும். அந்த இடத்திலிருந்துதான் நாம் அனுப்பப் பார்க்கிறோம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கில்லியம் 2005இல் ஒரு கணக்கு வெளியிட்டார். அங்கே அரசு உதவியில் நடக்கிற மழலையர் வகுப்புகளிலிருந்து நீக்கப்படும் குழந்தைகளின் விகிதம், பெரிய பள்ளிக்கூடங்களில் நீக்கப்படும் மாணவர்களின் விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளைவிட மழலையர் வகுப்புக் குழந்தைகள் அதிக விகிதத்தில் வெளியே போயிருக்கிறார்கள்! இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது. டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்ல நிபுணர் ஒருவர் தொடர்ந்து வந்துபோன வகுப்புகளில் நீக்கம் குறைவாக இருந்தது. குழந்தைதான் காரணம் என்றால் இது மாறியிருக்காது. டீச்சருக்குத் துணை இருந்ததா என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

நம் ஊரில் இதை நீக்கம் என்று யாரும் சொல்வதில்லை. "உங்க குழந்தைக்கு இந்த இடம் செட் ஆகலை, வேற நல்ல இடமா பாருங்க" என்பார்கள். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது 6 வயது முதல் 14 வயது வரைதான். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் குடை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களின் மனசுதான் குடை.

ஒரு நோட்டும் மூன்று கட்டமும்

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன கிடைத்தது. பக்கத்தில் மணி. "கோபக்காரன்", "வீட்டில் செல்லம்" என்றெல்லாம் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

அந்தப் பையனுக்குப் பிறகு நான் இதைக் கற்றுக்கொண்டேன். பிற்பாடு என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தினமும் யாரையாவது கடித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் எழுதினேன். மொத்தம் 14 சம்பவம். அதில் 9 சம்பவம் பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டே காலுக்கும் நடுவில். எல்லாம் கை கழுவுகிற வரிசையில். ஒரே குழாய், 24 பிள்ளைகள். அவள் அம்மாவிடம் கேட்டால், வேன் ஏழரைக்கே வந்துவிடுகிறது, காலையில் அரை டம்ளர் பால் மட்டும்தான் குடிக்கிறாள் என்றார்.

பசி, நெருக்கம், காத்திருப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரியவர்களே ரேஷன் கடை வரிசையில் என்ன செய்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்.

பத்தரை மணிக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ கொடுக்க ஆரம்பித்தோம். ஐந்து ஐந்து பேராகக் கை கழுவ அனுப்பினோம். மற்றவர்கள் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்தோம். அதனால் வரிசை நடுவில் அவள் மாட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பத்து நாளில் 14 என்பது 5 ஆயிற்று. ஒரே நாளில் பூஜ்யம் ஆகவில்லை. பூஜ்யத்துக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் அவள் அதே வகுப்பில்தான் இருந்தாள்.

நோட்டை வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். ஏதோ வேண்டும்: அந்த ஊஞ்சல், அந்த கார். ஏதோ வேண்டாம்: சத்தம், கூட்டம், வரைகிற வேலை. யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும்: நாள் முழுக்க "உஷ், அப்புறம் வா" என்று கேட்ட குழந்தைக்கு, கடித்தால் மூன்று பெரியவர்கள் ஓடி வருகிறார்கள். நான்காவது உடம்பு: தூக்கம், பசி, காது வலி, பல் முளைப்பது. காரணத்துக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் மாறும். கவனம் தேடிக் கடிக்கிற குழந்தையைப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்துத் திட்டினால், அது கேட்டதையே நாம் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

பல்லுக்குப் பதிலாக ஒரு வார்த்தை

"கடிக்காதே" என்று நூறு முறை சொல்லலாம். கடிக்காமல் பின்னே என்ன செய்வது என்று அதில் இல்லை. அதைத்தான் சொல்லித் தர வேண்டும். கடித்த பிறகு, அழுகைக்கு நடுவில் அல்ல. காலையில், சாவகாசமாக, விளையாட்டாக.

இந்த வயதுக்கு நான்கு சொல் போதும். "எனக்குத் தா." "என்னோடது." "வேண்டாம், தள்ளிப் போ." "டீச்சர், வாங்க." பேச்சு வராத குழந்தைக்குக் கை ஜாடை. உள்ளங்கையை நீட்டினால் தா என்று அர்த்தம், கையை முன்னால் நிறுத்திக் காட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு பொம்மைகளைச் சண்டை போடவைத்து, "இப்ப இந்தப் பொம்மை என்ன சொல்லணும்?" என்று கேளுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும். கடிபடுகிற குழந்தைக்கும் "நில்" என்று கை காட்டத் தெரிவது ஒரு கவசம்.

பிறகு, அந்தக் குழந்தை ஒரே ஒரு முறை கையை நீட்டிக் கேட்டால்கூட அங்கேயே, அப்போதே, "கேட்டு வாங்கினியே கண்ணா!" என்று சொல்ல வேண்டும். கடித்ததை உடனே பார்க்கிறோம். கடிக்காமல் விட்டதை யாரும் பார்ப்பதில்லை.

இடத்தையும் கொஞ்சம் மாற்றலாம். சண்டை வருகிற பொம்மையை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைப்பது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு, அப்புறம் கை கழுவப் போறோம்" என்று முன்கூட்டியே சொல்வது. அடுத்து என்ன என்பதைக் குழந்தையின் கண் உயரத்தில் படமாக ஒட்டி வைப்பது. கூட்டம் பிடிக்காத குழந்தை போய் உட்கார, ஒரு பாயும் இரண்டு தலையணையும் போட்ட ஒரு மூலை. அந்த மூலை தண்டனைக்கு அல்ல, இளைப்பாற. இதற்கெல்லாம் சேர்த்து நம் தோட்டத்து ஸ்ப்ரிங்ளர் ஒன்றின் விலைகூட ஆகாது.

கடித்துவிட்டால்

எவ்வளவு செய்தாலும் சில நாள் கடி விழும். அப்போது முதலில் ஓட வேண்டியது கடிபட்ட குழந்தையிடம். தூக்கி அணைத்து, சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவி, ஈரத்துணி வைக்க வேண்டும். தோல் கிழிந்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பிறகு கடித்த குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, முகத்தைப் பார்த்து, ஒரே வாக்கியம்: "கடிச்சா வலிக்கும். நான் கடிக்க விட மாட்டேன்." அவ்வளவுதான். பிரசங்கம் வேண்டாம். "சாரி சொல்லு, சாரி சொல்லு" என்று நெருக்குவதும் வேண்டாம். ஈரத்துணியை எடுத்து வரச் சொல்லுங்கள், அது நிஜமான மன்னிப்பு.

அன்று மாலையே இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் கோபம் கடிதமாக மாறுகிறது. ஆனால் கடித்தது யார் என்று கடிபட்டவர் வீட்டில் டே கேர் சொல்லக் கூடாது.

நம் வீடுகளில் பழகிப்போன சில வைத்தியங்கள் இருக்கின்றன. "நீயும் திருப்பிக் கடி, அப்பத்தான் வலி தெரியும்." நாக்கில் மிளகாய் தடவுவது. பாத்ரூமில் விளக்கை அணைத்துப் பூட்டுவது. பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுகிற டாக்டர். இதில் ஒன்றும் வேண்டாம். கோபம் வந்தால் பெரியவர்கள் சின்னவர்களை வலிக்கச் செய்யலாம் என்பதைத்தான் குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். நாளைக்கு அதைவிடச் சின்ன குழந்தையிடம் அது பரீட்சித்துப் பார்க்கும். தவிர, டாக்டரைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டால் காது பார்க்க எப்படி அழைத்துப் போவீர்கள்?

பெற்றோருக்கு

உங்கள் குழந்தை கடிக்கிறது என்று டே கேரிலிருந்து போன் வந்தால் உங்களுக்கு அவமானமாக இருக்கும். "எங்க வீட்ல அப்படிச் செய்ய மாட்டானே" என்று முதலில் வாயில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். வீட்டில் 18 பிள்ளைகளோடு பங்கு போட வேண்டியதில்லை. நீங்கள் மோசமான பெற்றோர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

தூக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி 3, 4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். அப்பா ஆபீஸிலிருந்து வருகிற வரை விழித்திருந்து, பதினொன்றரைக்குத் தூங்கி, ஏழு மணிக்கு எழுப்பப்படுகிற குழந்தைக்குக் கணக்கு இடிக்கிறது. அதே வழிகாட்டுதல், இந்த வயதில் போன், டி.வி. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது.

காது. அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கொஞ்ச நாள் மந்தமாகக் கேட்கலாம். முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முறையாகப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ரத்தசோகை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. வசதியான வீட்டிலும் பாலும் பிஸ்கட்டுமே சாப்பிடுகிற குழந்தைக்கு இரும்புச் சத்து குறையும், சிடுசிடுப்பு வரும். இரவில் ஆசனவாயில் அரிக்கிற கீரிப்பூச்சி இருந்தால் தூக்கம் கெடும், பகலில் கோபம் வரும். ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டினால் தெரிந்துவிடும்.

பேச்சு. மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை என்றால் "எங்க வீட்டுக்காரரும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காதீர்கள். ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன் கீழ் மாவட்ட அளவில் இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் செயல்படுகின்றன, கட்டணம் இல்லை. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. போய்க் காட்டுவதால் குழந்தைக்கு முத்திரை குத்திவிட மாட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வாருங்கள்.

சங்கம் ஏன் இதில் தலையிட வேண்டும்?

"டே கேர் நடத்துகிறவர்கள் பாடு, பெற்றோர் பாடு. சங்கத்துக்கு என்ன?" என்று ஓர் அன்பர் கேட்டார். அவருக்கு ஒரு பழைய கதை.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6. ரோம் நகரில் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. அங்கே ஒரு நிறுவனம் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, சின்னக் குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கிக்கொண்டிருந்தன. பராமரிப்புச் செலவு ஏறியது. குழந்தைகளை ஒரே அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டால் செலவு மிச்சம் என்று கட்டடத்தை நிர்வகித்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அதற்கு ஒரு பெண் டாக்டரை அழைத்தார்கள். அவர்தான் மரியா மாண்டிசோரி. உலகம் முழுக்க இன்று அவர் பெயரில் நடக்கிற பள்ளிகளுக்கெல்லாம் முதல் அறை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மெயின்டனன்ஸ் பிரச்சினையில் பிறந்தது!

அந்த இடத்தின் விதிகளிலும் "திருத்த முடியாத குழந்தைகள் வெளியேற்றப்படுவார்கள்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. வெளியே அனுப்புகிற யோசனை அவ்வளவு பழையது. ஆனால் அந்த அறையை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த வரிக்காக அல்ல. அடங்காதவை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள், கைக்கு எட்டுகிற பொருளும் தங்கள் அளவுக்கு நாற்காலியும் பொறுமையாகப் பார்க்கிற ஒரு பெரியவரும் கிடைத்ததும் எப்படி மாறினார்கள் என்பதற்காக. அதே அம்மையார் 1939இல் நம் அடையாற்றுக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். எங்கள் தலைமுறை டீச்சர்களில் பலருக்கு அந்த வழியில் வந்தவர்கள்தான் குரு.

எட்டு வாரம் கேட்கிறேன்

செயற்குழுவிடம் நான் கேட்பது எட்டு வாரம். சும்மா பொறுத்துப் போங்கள் என்று கேட்கவில்லை. கடிதம் எழுதிய நான்கு குடும்பங்களும் கையில் வைத்துச் சரிபார்க்கக்கூடிய திட்டம் இது.

ஒன்று, நாளை முதல் டே கேரில் அந்த நோட்டு. டீச்சர் இருவரும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் அவர்களோடு உட்கார்ந்து நான் பார்க்கிறேன்.

இரண்டு, பத்தரை மணிக்கு எல்லோருக்கும் சிற்றுண்டி. வரிசைகள் சிறியதாக வேண்டும்.

மூன்று, காலை 11 முதல் 12.30 வரை கூடுதலாக ஒரு பெரியவர். இப்போது 19 குழந்தைகளுக்கு மூன்று பேர். ஒருவர் சமையலறைக்கும் ஒருவர் பாத்ரூமுக்கும் போனால் மிச்சம் ஒருவர். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் முறை வைத்து வரலாம். யார் வந்தாலும் டே கேர் ஊழியர் கண் பார்வையில்தான் இருக்க வேண்டும், குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. அது எனக்கும் சேர்த்துத்தான்.

நான்கு, அந்தப் பெற்றோர் காது, பொது உடல்நலம் இரண்டையும் இரண்டு வாரத்துக்குள் காட்டிவிட்டு வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் அவர்களுடையது. சங்கம் கேட்கக் கூடாது.

ஐந்து, தோல் கிழிகிற மாதிரி ஒரு கடி விழுந்தால் மறுநாளே இரு பெற்றோரும் டே கேரும் தனித்தனியாகச் செயலாளரோடு பேச வேண்டும். தேவைப்பட்டால் அந்தக் குழந்தையின் நேரத்தைச் சில நாள் குறைக்கலாம், பக்கத்திலேயே ஓர் ஆளை வைக்கலாம்.

ஆறு, எட்டு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால்? அப்போது இந்தக் குழந்தைக்கு 19 பேர் கூட்டம் தாங்கவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஆள் அதிகமுள்ள, பயிற்சியுள்ள வேறு இடத்தை நாமே கூட நின்று தேடிக் கொடுப்போம். நோட்டையும் கையில் கொடுத்து அனுப்புவோம். அடுத்த டீச்சர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 1994இல் நான் அதையாவது செய்திருக்கலாம்.

ஏழு, வாட்ஸ்அப் குழுவில் இது பற்றி ஒரு வரி வேண்டாம். போன மாதம் ஒருவர் கடித் தடத்தைப் படம் எடுத்துப் போட்டார். அவர் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று மாலை பார்க்கில் அந்தக் குடும்பம் வந்ததும் மூன்று பேர் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று நினைக்கிறோம். சறுக்கு மரத்தில் தான் ஏறினால் எல்லோரும் இறங்கிப் போகிறார்கள் என்பது மூன்று வயதுக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று. இதற்குப் பயிற்சி வேண்டாம், பணம் வேண்டாம். நீங்கள் அந்தக் குழந்தையை லிஃப்டில் பார்ப்பீர்கள். யார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எல்லாக் குழந்தைகளிடமும் செய்யுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரவில்லையென்றால் "என்ன திமிர்" என்று மனசுக்குள் எழுதிக்கொள்ளாதீர்கள். முன்னால் வந்து, குனிந்து, முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். நான் அந்த இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. யாரும் யாரையும் கடிப்பதற்குள் முடித்துக்கொள்கிறேன்.



(செயற்குழு எட்டு வாரத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. கடிதம் கொடுத்த குடும்பங்களில் மூன்று சம்மதித்தன. ஒரு குடும்பம் தன் குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டது, அவர்கள் முடிவை மதிக்கிறோம். காலை 11 முதல் 12.30 வரை உதவ இதுவரை மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். புதன், வெள்ளி ஆகிய நாட்களுக்கு இன்னும் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் நேரில் பெயர் தரவும். – ஆசிரியர் குழு)